காத்தாடிப் பெட்டி

எங்கள் பெட்டி உயிரை விட்டது ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பாயசம் விளம்பிக்கொண்டிருந்த நேரத்தில். பெட்டி என்று நான் சொல்வது கீபோர்டின் சத்தத்தைப் பெருக்கி வெளியே விடுகிற ஆம்ப்ளிஃபயரை. முதலில் ஓர் இருமல். அப்புறம் நமுத்துப்போன பப்படத்தை மிதித்ததுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். பாடிக்கொண்டிருந்த காக்கா திரும்பிப் பார்த்தார். நான் கையை விரித்தேன்.

"சவம் போய்ச் சேந்துட்டு காக்கா" என்றேன்.

அது மைக்கில் விழுந்துவிட்டது. பந்தியில் ஒருவர் பாயசக் கையோடு எழுந்து நின்று, "ஆரு, பெண்ணுக்க தாத்தாவா?" என்று கேட்டார். பெண்ணின் தாத்தா அவருக்கு அடுத்த இலையில்தான் இருந்தார்.

எங்கள் கச்சேரி என்பது இரண்டே பேர். நான் கீபோர்டு, தாளமும் அதற்குள்ளேயே இருக்கிறது. காக்கா பாட்டு. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கீபோர்டை யாரும் சொல்லித் தரவில்லை. டெப்போவின் ஓய்வறையில், டிரைவர்கள் குறட்டை விடும்போது, சத்தத்தைக் குறைத்துவைத்துத் தட்டித் தட்டிப் பழகியது. காக்காவுக்குக் கோட்டாற்றில் கயிற்றுக் கடை. என்னைவிட ஓரிரு வயது மூத்தவர், அதனால் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடும் வழக்கப்படி காக்கா. அவருக்கு நான் மக்கா. கோபம் வந்தால் கண்டக்டர்.

பெட்டி செத்த அன்று எனக்கு வருத்தம் வந்ததா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதிதான். நின்றுகொண்டே சம்பாதித்த வாழ்க்கை என்னுடையது. நடு, இடுப்பைத்தான் சொல்கிறேன், முழுவதும் தேய்ந்து கிடக்கிறது. அதற்குமேல் அந்தப் பெட்டியை வேனிலிருந்து இறக்கி, மண்டபத்துப் படியில் ஏற்றி, திரும்ப இறக்கி, வீட்டில் கொண்டு வைத்தால், இரண்டு நாளைக்குக் குனிந்து செருப்புப் போட முடியாது. என் பஸ்ஸில் இராஜாக்கமங்கலத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஓர் அக்கா உண்டு. கூடையை இறக்கி வைத்த பிறகும் கழுத்தைப் பிடித்துக்கொண்டே நிற்பார். "கூடைய எறக்கி வச்சாலும் கழுத்து எறக்கி வைக்காது மக்கா" என்பார். அப்போது சிரித்தேன். இப்போது அந்தச் சொல்லை என் நடு தினமும் சொல்கிறது.

ஆனால் காக்காவுக்கு அந்தச் சாவு ஒரு நல்ல சேதியாக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் காத்தாடியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பழைய பாட்டுகளில் ஆர்கன் சத்தம் ஒன்று வரும், கேட்டிருப்பீர்கள். நீட்டிப் பிடித்த சுரம் நடுங்கும், கிட்ட வரும், தூரப் போகும். அந்தக் காலத்தில் அதற்கென்றே ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே சத்தம் வரும் குழலையே மோட்டார் வைத்துச் சுற்றவிட்டிருக்கிறார்கள். இப்போது சுற்றுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாமலே சுற்றுகிறமாதிரி சத்தம் தரும் பெட்டிகள் வந்துவிட்டன. எங்கள் பழைய பெட்டியும் அப்படித்தான். அதை வாங்கிய புதிதில் காக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆரல்வாய்மொழிக் காத்தாடிக்கு அடியில நிக்க மாதிரி இரிக்கு மக்கா" என்றார். அங்கே மலையடிவாரம் முழுக்க நிற்கும் காற்றாலைகளை நாங்கள் காத்தாடி என்றுதான் சொல்வோம். அன்றிலிருந்து அந்தச் சத்தத்துக்கே காத்தாடி என்று பேராகிவிட்டது. மெதுவாகச் சுற்றினால் பையக் காத்தாடி. பாட்டு உச்சிக்குப் போகும்போது காக்கா மைக்கைக் கொஞ்சம் விலக்கி, "மக்கா, காத்தாடி போடு" என்பார். நான் வேகத்தைக் கூட்டுவேன். சபையில் யாராவது ஒருவர் "ஆகா" என்பார். அந்த ஒரு "ஆகா"வுக்காகத்தான் இவ்வளவு சுமையும்.

ஒருமுறை ஒரு மண்டபத்தில் காக்கா இப்படிச் சொன்னது, அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த எலக்ட்ரீஷியன் காதில் விழுந்துவிட்டது. பாட்டுக்காரருக்கு வியர்க்கிறதாக்கும் என்று நினைத்து, மேடையோரம் நின்ற ஆளுயரக் காத்தாடியை, மின்விசிறியைத்தான் சொல்கிறேன், முழு வேகத்தில் போட்டுவிட்டார். அதன் முகம் பந்தியைப் பார்த்து இருந்தது. இலையிலிருந்த பப்படம் அத்தனையும் எழுந்து பறந்தது. ஒன்று எரிசேரியில், ஒன்று மாப்பிள்ளை வீட்டு அம்மாவின் மடியில். கை கழுவ வந்த பெரியவர் ஒருவர் எங்களிடம் நின்று, "பாட்டு கொள்ளாம். பப்படந்தான் நிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சுதி விலகினால் நாங்கள் சுதி விலகிவிட்டது என்று சொல்வதில்லை. "பப்படம் பறந்துட்டு" என்போம்.

கொஞ்ச காலமாகப் பப்படம் அடிக்கடி பறந்தது.

அதுவும் காக்காவுக்கு. பிடித்த சுதியைத் தூக்கத்தில்கூட விடாத மனுசன். நீட்டிப் பாடும் இடத்தில் கால் மாறி வைத்ததுபோல ஓர் இறக்கம். அடுத்த வரியில் சரியாகிவிடும். சபை பாட்டுக்குத் தலையாட்டும், ஆனால் தப்புக்குத் தலையை நிறுத்தும். அது தெரியும் எங்களுக்கு. ஒரு கல்யாண வீட்டில், நாங்கள் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே, "பாட்டுக்காரருக்கு வயசாயிட்டு போல" என்று ஒருவர் சொன்னார். காக்கா கேட்டும் கேட்காததுபோல இருந்தார். வேனில் ஏறியதும் பெட்டியைத் திட்டினார். "அது கெழடு தட்டிப் போச்சு மக்கா. அதுல சுதியே வெளிய வரல. நான் எதப் பிடிச்சுப் பாடுவேன்?"

அதனால்தான் பெட்டி செத்தது அவருக்கு நல்ல சேதி. மறுநாள் கடைக்குப் போனபோது கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னார்.

"புதுப் பெட்டி வாங்குவோம். அடுத்து நாம ஏத்திருக்க இராஜாக்கமங்கலம் கல்யாணத்துக்குள்ள வாங்கணும். அதுலயும் பப்படம் பறந்துதுன்னா, பொறவு பெட்டிய ஏச முடியாதுல்லா. நான் பாட்ட விட்டுருவேன். கயிறு விக்கதுக்குச் சுதி வேண்டாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த கயிற்று நுனியைப் பிரித்துக்கொண்டே இருந்தார், அது நாராகும்வரை.

வீட்டில் என் மனைவி வேறொரு கணக்கு வைத்திருந்தாள். "என்ன காத்தாடியோ, என்ன கூத்தாடியோ. ஒத்தக் கையில தூக்கதுக்குப் பாங்கா உள்ளத வாங்குங்க. நடு பிடிச்சுக் கெடந்தா எண்ணெ போட எனக்குப் பெலமில்ல" என்றாள். சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன். காத்தாடி இருக்கவேண்டும், கனம் இருக்கக்கூடாது. இதுதான் என் தேவை, வேறொன்றுமில்லை.

முதலில் சென்னையில் ஒரு கடைக்கு ஃபோன் போட்டேன். வீட்டில் பேசுகிற வாயோடு பேசியது தப்பு. சுற்றுவதை நாங்கள் கறங்குவது என்போம். தலை சுற்றினால் கறக்கம்.

"கீபோர்டு ஆம்ப் வேணும். கறங்குத சத்தம் உள்ளது" என்றேன்.

"கறக்கிற சத்தமா? சார், இது மியூசிக் கடை. பால் பண்ணை இல்ல" என்றது அந்தப் பக்கம்.

காக்கா இதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தார். என்னைப் பார்த்தால் "என்ன மக்கா, எத்தன லிட்டரு?" என்பார்.

அதன்பிறகு குளச்சலில் ஒரு வீடு. வளைகுடாவிலிருந்து வந்துவிட்ட ஒருவர் அந்த நாள் மரப்பெட்டியையே வைத்திருந்தார், உள்ளே உண்மையாகவே குழல் சுற்றுவது. போட்டுக் காட்டினார். என்ன சொல்ல? அறைக்குள் கடல் வந்து திரும்பிப் போனமாதிரி இருந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காக்கா ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. உயரத்தில் என் நெஞ்சுக்கு வந்தது.

"இது பெட்டியில்ல மக்கா. மய்யத்து. தூக்க நாலு பேரு வேணும்" என்றார்.

"நாலு பேரு வருவாங்க காக்கா, கவலப்படாண்டாம். ஆனா அன்னைக்கு நாம தூக்க மாட்டோம்."

சாயா குடித்துவிட்டுத் திரும்பினோம். அந்தச் சத்தம் ரொம்ப நேரம் காதில் இருந்தது. எனக்கு இரண்டு காதிலும்.

கடைசியில் நாகர்கோவிலிலேயே, வடசேரியில் ஒரு கடையில் போய் நின்றோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பிளாஸ்டிக் உடம்பு, பூப்போல இருந்தது. ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார். அதற்குள் இரண்டு ஸ்பீக்கர், இடது வலது என்று. காத்தாடி போட்டால் சத்தம் இடத்திலிருந்து வலத்துக்கும் வலத்திலிருந்து இடத்துக்கும் ஓடும். மற்றது மரப்பெட்டி. ஒரே ஸ்பீக்கர், முகம் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதிலும் காத்தாடி உண்டு, ஆனால் சத்தம் எங்கும் ஓடாது. நின்ற இடத்திலேயே நடுங்கும். கனம்? எங்கள் செத்த பெட்டிக்கு அண்ணன்.

"அண்ணாச்சி, இப்ப எல்லாரும் மொதல்ல உள்ளதத்தான் எடுக்காங்க. கேட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

நான் கீபோர்டை மாட்டி முதல் பெட்டியில் காத்தாடி போட்டேன். கடையே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. வாசலில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். காக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதாம்லே! பிடி ஒரு சுதிய" என்றார். பிடித்தேன். பாடினார்.

முதல் வரி சுதியில் நின்றது. இரண்டாவதில் நீட்டினார். சத்தம் இடது பக்கம் வந்தபோது அவர் சுதியில் இருந்தார். வலது பக்கம் ஓடியபோது, டிரைவர் பிரேக் போட்டதும் கம்பியைத் தேடும் பயணிபோல அந்தக் குரல் தடுமாறியது. சத்தம் இடப்பக்கம் திரும்பியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டது. மறுபடி போனது, மறுபடி தடுமாற்றம். அவர் அறியாமலே உடம்பைத் திருப்பிக்கொண்டிருந்தார், இடது தோள் முன்னால் வர, கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து.

எனக்குக் கை நின்றுவிட்டது.

கண்டக்டராக இருந்தவனுக்கு இது தெரியாமல் போயிருக்கக்கூடாது. நெரிசலில் "எங்க போணும்" என்று கேட்டால், ஒரு காது கேளாதவர்கள் முகத்தைத் தரமாட்டார்கள், காதைத் தருவார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். காக்கா சாயாக் கடையில் என்னை எப்போதும் தன் இடப்பக்கம்தான் உட்காரவைப்பார். வேனில் அவர் ஓட்ட, நான் இடப்பக்கம். அங்கே எவ்வளவோ பேசியிருக்கிறோம். மேடையில்தான் நான் அவருடைய வலப்பக்கம் நிற்பேன், பெட்டி என் காலடியில். கல்யாண வீட்டில் வலப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பமாட்டார். பாட்டுக்காரருக்குத் தலைக்கனம் என்று நினைப்பார்கள். நானும், வாய்க்கு வந்ததைப் பேசுகிற பழக்கத்தில், "செவிடன் காதுல ஊதுன சங்கு" என்று அவரையே கேலி செய்திருக்கிறேன். சொலவடை என்றால் எனக்கு உயிர். அன்றைக்கு அது வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கினேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் காக்கா. நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "இந்த மைக்கு சரியில்ல போல" என்றார்.

"அடுத்ததையும் கேப்போம்" என்று மரப்பெட்டியை மாட்டினேன். எதற்கோ தள்ளி வைப்பதுபோல அதை அவருடைய இடப்பக்கம் வைத்தேன். நகர்த்தும்போதே நடு ஒருமுறை விண்ணென்றது. அதே சுதி, அதே பாட்டு. காத்தாடியை மட்டும் பையப் போட்டேன்.

நின்றது. நீட்டிய இடமெல்லாம் நின்றது.

ஆனால் காக்காவுக்குத் திருப்தியில்லை. "என்ன மக்கா இது, சளி பிடிச்ச ஆடு மாதிரி ஒரே எடத்துல நின்னு நடுங்குது? அதுல்லா பறந்துது! அத எடு. கனமும் இல்ல. உனக்க வீட்டுலயும் சந்தோசப்படும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. கடைக்காரரும் தலையாட்டினார். நான் என்ன சொல்வது? காது என்று சொன்னால், இரண்டாவது பெட்டியை வாங்கினாலும் அவர் பாடமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

"இல்ல காக்கா" என்றேன். "அந்தச் சத்தம் அங்கயும் இங்கயும் ஓடுனா எனக்குத் தல கறங்குது. பிரஷர் மாத்திரை போட்டதுலேருந்தே கொஞ்சம் கறக்கம் உண்டு. மேடையில விழுந்துருவேன் வேய்."

காக்கா என்னையே பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "அவனுக்குத் தல கறங்குமாம். பின்ன வேண்டாம். கனத்தையே எடுங்க" என்றார். அப்புறம் என்னிடம், "இத முன்னாலயே சொல்ல மாட்டியா? பைய நட" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆரோக்கியமாக இருக்கிற தலையோடு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வடசேரி ரோட்டைக் கடந்தேன்.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் மனைவி இடுப்பில் கை வைத்தாள். "ஒத்தக் கையில தூக்குத மாதிரி வாங்கச் சொன்னா, கல்லுல்லா வாங்கிட்டு வந்திருக்கிய! மயிலாடியில சிலையே கெடைக்குமே, அத வாங்கியிருக்கலாம்லா?"

உள்ளே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். "எந்தக் காது?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "அதான் அன்னைக்கு நான் வலப்பக்கமா பெறத்தால நின்னு மீன் கொழம்பு வேணுமான்னு கேட்டும் பேசாம இருந்தாரு. எனக்க கொழம்பு பிடிக்கலன்னு நெனச்சேன்" என்றாள். அன்று ராத்திரி அவளாகவே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். திட்டிக்கொண்டேதான் போட்டாள்.

இராஜாக்கமங்கலம் கல்யாணம் பகலில். மண்டபத்துக்கு வெளியே கடல் காற்று. உள்ளே சாம்பார் மணம். பெட்டியை இறக்கும்போது என் கண்ணில் பொறி பறந்தது. மேடையில் ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் பெட்டியை ஏற்றி, காக்கா நிற்கப்போகிற இடத்துக்கு இடப்பக்கமாக, முகம் அவர் காதைப் பார்க்க வைத்தேன். கீபோர்டையும் அந்தப் பக்கமே மாற்றினேன். "என்ன, எடம் மாறி நிக்க?" என்றார். "அங்கன நின்னா வெளிச்சம் கண்ணுல அடிக்கு காக்கா" என்றேன். அவர் மேலே பார்த்தார். அங்கே விளக்கே இல்லை. மைக்கைக் கையில் எடுத்தார்.

பாட ஆரம்பித்தார். நான் சபையைப் பார்க்கவில்லை, அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு போயிற்று. இரண்டாவதில் ஒரு நீண்ட இடம் உண்டு, முன்பெல்லாம் அங்கேதான் பறக்கும். காக்கா இடது கையை நீட்டிப் பெட்டியின் தலையில் வைத்தார். சும்மா சாய்ந்து நிற்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் உள்ளங்கை மரத்தில் ஒட்டியிருந்தது, தூங்குகிற பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார். நின்றது. இன்னும் நீட்டினார். நின்றது. பிறகு மைக்கை விலக்கி,

"மக்கா, காத்தாடி போடு" என்றார்.

பையத்தான் போட்டேன். சத்தம் ஓடவில்லை, அவர் கைக்குக் கீழேயே நடுங்கியது. பந்தியிலிருந்து ஓர் "ஆகா" வந்தது. அந்த மண்டபத்து எலக்ட்ரீஷியன் விவரம் தெரிந்தவர். காத்தாடிப் பக்கமே போகவில்லை.

சாப்பிட்டு முடித்து, கல்யாண வீட்டுக்காரர்களே நாலு பேர் வந்து பெட்டியை வேனில் ஏற்றித் தந்தார்கள். நாலு பேர் என்றதும் எனக்கும் காக்காவுக்கும் ஒன்றாகச் சிரிப்பு வந்தது. அவர்களுக்குக் காரணம் புரியவில்லை. திரும்பும் வழியில் வயல் ஓரமாக வேன் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் இடப்பக்கம் சாய்ந்து, நடுவுக்குத் துண்டைச் சுருட்டி வைத்து உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறக்கவே சலிப்பாக இருந்தது.

"பப்படம் பறந்துதா?" என்று கேட்டார் காக்கா.

"இல்ல. எலையிலயே கெடந்துது."

கொஞ்ச தூரம் போனோம்.

"உனக்குத் தலக் கறக்கம் எப்பிடி இரிக்கு?"

"கொஞ்சம் உண்டு" என்றேன், கண்ணைத் திறக்காமலே.

"ம்" என்றார். "எனக்கும் கொஞ்சம் உண்டு மக்கா. வலது பக்கமா."

நான் கண்ணைத் திறந்தேன். எதிரில் வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் கட்டினார். அந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே அவருடைய வலப்பக்கமாகக் கடந்து போனது. அது போய் முடியும்வரை காத்திருந்து, சாதாரணமாகக் கேட்டார்.

"அடுத்த மாசம் தேங்காப்பட்டணத்துல ஒரு கல்யாணம் கேட்டிருக்காங்க. சரின்னு சொல்லட்டா?"

நான் யோசித்தேன். நடுவும் யோசித்தது.

"சொல்லும்" என்றேன். "ஆனா மாடியா, கீழயான்னு கேட்டுட்டுச் சொல்லும்."